டோசருக்குத் தெரிந்தது சதவீதம் மட்டுமே: கறிக்கோழி ஷெட்டுக்கு டோசாட்ரான் டி25 எப்படி?

பல்லடம், உடுமலை பக்கம் டோசர், அதாவது குடிநீர்க் குழாயில் மருந்து கலக்கும் கருவி, வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை ஆயிரம் கோழிக்குத் தாங்கும்?" என்றுதான். கடைக்காரரும் மணிக்கு 2,500 லிட்டர் வரை போகும் என்று பெருமையாகச் சொல்வார். அந்த எண்ணால் 5,000 கோழி ஷெட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பிரச்சினை மேல் எல்லையில் வருவதில்லை, கீழ் எல்லையில்தான் வருகிறது. எவ்வளவு மெதுவாகத் தண்ணீர் ஓடினாலும் மருந்தைச் சரியாக இழுக்குமா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது டோசாட்ரான் டி25ஆர்இ2. பிரான்சில் போர்டோ நகரத்தை ஒட்டித் தயாராகும் மெஷின். கரண்ட் தேவையில்லை. குழாயில் ஓடும் தண்ணீரே உள்ளே இருக்கும் பிஸ்டனை மேலும் கீழும் தள்ளுகிறது, பிஸ்டன் ஒவ்வொரு முறை நகரும்போதும் கீழே டிரம்மில் இருக்கும் ஸ்டாக் கரைசலை, அதாவது கெட்டியாகக் கலந்த மருந்தை, கொஞ்சம் உறிஞ்சி உள்ளே கலக்கிறது. கலக்கும் விகிதம் 0.2% முதல் 2% வரை. தண்ணீர் ஓட்டம் மணிக்கு 10 லிட்டர் முதல் 2,500 லிட்டர், அழுத்தம் 0.3 முதல் 6 பார். இந்த மூன்று எண்களை வைத்தே உங்கள் ஷெட்டுக்கு இது பொருந்துமா என்று சொல்லிவிடலாம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 5,000 கோழி ஓப்பன் ஷெட்டுக்கு, 2வது வாரத்துக்குப் பிறகு, என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி கரையும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு நல்ல கருவி. முதல் வாரக் குஞ்சுக்கு நம்ப வேண்டாம். அமாக்ஸிசிலினுக்கு எந்த வாரத்திலும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: டோசருக்குத் தெரிந்தது சதவீதம் மட்டும். ஷெட்டில் எத்தனை கிலோ உயிர் எடை நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கு நம்முடையது.

ஆன்டிபயாடிக் டோஸ் என்பது ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மி.கி. என்பதுதான். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் "2 லிட்டருக்கு 1 மி.லி." என்பது, கோழி இன்ன எடையில் இவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று யாரோ எடுத்துக்கொண்ட சராசரி. அந்தச் சராசரி உங்கள் பேட்ச்சில் ஒரே ஒரு வாரம்தான் பொருந்தும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10% என்ரோஃப்ளாக்சசின், அதாவது 1 மி.லி.யில் 100 மி.கி. மருந்து. கோழிக்கு டோஸ் நாளைக்குக் கிலோவுக்கு 10 மி.கி., 3 முதல் 5 நாள்.

21 நாள், 5,000 கோழி, சராசரி 950 கிராம். மொத்த எடை 4,750 கிலோ. தேவை 47,500 மி.கி., அதாவது 475 மி.லி. இந்த வயதில் ஒரு கோழி 200 மி.லி. குடித்தால் ஷெட்டுக்கு 1,000 லிட்டர். லேபிள்படி கலந்தால் 500 மி.லி. போகும். ஏறத்தாழ சரி.

இப்போது அதே லேபிளை 7 நாள் குஞ்சுக்குப் போடுங்கள். சராசரி 180 கிராம், மொத்தம் 900 கிலோ, தேவை 90 மி.லி. குஞ்சு ஒன்று 65 மி.லி. குடித்தால் 325 லிட்டர், லேபிள்படி 162 மி.லி. போகும். கிலோவுக்கு 18 மி.கி., தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 35 நாள் கோழிக்கு வாருங்கள். சராசரி 2 கிலோ, மொத்தம் 10,000 கிலோ, தேவை 1,000 மி.லி. 320 மி.லி. வீதம் 1,600 லிட்டர் குடித்தால் லேபிள்படி 800 மி.லி.தான் போகும். கிலோவுக்கு 8 மி.கி. அதுவும் ஆரோக்கியமான கோழிக்கு. சளி பிடித்து, ஈ.கோலை கிருமியும் சேர்ந்து, கோழி சுருண்டு உட்கார்ந்தால் தண்ணீர் கால் பங்கு குறையும். 1,200 லிட்டருக்கு 600 மி.லி., கிலோவுக்கு 6 மி.கி. "மருந்து வேலை செய்யலை, கம்பெனியை மாத்துங்க" என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கிருமி சாகாத அளவில் 5 நாள் மருந்து போனால் மிச்சமாக நிற்பது அந்த மருந்துக்குப் பழகிய கிருமிதான்.

வெயில் காலத்தில் கணக்கு தலைகீழ். மே மாதத்தில் 21 நாள் கோழி 1,000 லிட்டருக்குப் பதில் 1,500 லிட்டர் குடிக்கும். லேபிள்படி 750 மி.லி. உள்ளே போகும், கிலோவுக்குக் கிட்டத்தட்ட 16 மி.கி. காசும் வீண், கோழிக்கும் சுமை.

ஆகவே டோசர் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது ஷெட்டுக்குள் போகும் லைனில் ஒரு வாட்டர் மீட்டர். தினமும் ஒரே நேரத்தில், காலை 7 மணி என்றால் 7 மணிக்கே, ரீடிங் எழுதுங்கள். நேற்றைய ரீடிங்தான் இன்றைய ஸ்டாக் கரைசலின் அளவு. மீட்டர் இல்லாத டோசர் என்பது ஸ்பீடாமீட்டர் இல்லாத வண்டி மாதிரி, ஓடும், எவ்வளவு வேகத்தில் என்று தெரியாது. கூடவே எடை. ஷெட்டின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்திலும் தட்டி வைத்து மடக்கி, மொத்தம் 100 கோழியாவது எடை போடுங்கள். கண்ணுக்கு லட்சணமாகத் தெரிவதைப் பிடித்துப் போட்டால் எடை கூடிவிடும், மடக்கியதை முழுக்க எடை போட வேண்டும்.

ஸ்டாக் கணக்கு சுலபம். டோசரை 1%ல் வைத்தால் 1,000 லிட்டர் தண்ணீருக்கு 10 லிட்டர் ஸ்டாக் இழுக்கும். டிரம்மில் மேலே சொன்ன 475 மி.லி. மருந்தை ஊற்றி, மருந்தையும் சேர்த்து மொத்தம் 10 லிட்டர் வருகிற மாதிரி தண்ணீர் விட வேண்டும். 10 லிட்டர் தண்ணீரில் 475 மி.லி. மருந்து என்பது வேறு, அது 10.475 லிட்டர். சின்ன விஷயம்தான், ஆனால் 1 கிலோ பவுடர் கலக்கும்போது அந்தப் பழக்கம் கணக்கைத் தள்ளிவிடும். பவுடர் என்றதும் இன்னொரு பொறி. டாக்டர் "95 கிராம் டாக்சி" என்று எழுதினால் அது சுத்த மருந்தின் கணக்கா, கடையில் வாங்கும் பவுடரின் கணக்கா என்று கேட்டே ஆக வேண்டும். 4,750 கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 95 கிராம் சுத்த மருந்து. 50% பவுடராக இருந்தால் 190 கிராம், 20% பவுடராக இருந்தால் 475 கிராம், 10% பவுடராக இருந்தால் 950 கிராம். டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் பேர் இருக்கும், சதவீதம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

மாட்டும் இடத்தில் செய்கிற தப்புகளில் பெரியது அழுத்தம். 0.3 பார் என்பது 3 மீட்டர் உயரத்துத் தண்ணீர், நம் கணக்கில் 10 அடி. ஷெட் கூரை உயரத்துக்குச் சிமென்ட் மேடை கட்டி டேங்க் வைத்திருக்கும் பண்ணைகளில் டேங்க்கின் அடிமட்டம் டோசரிலிருந்து 8, 9 அடிக்கு மேல் இருக்காது. அதிலும் முன்னால் ஒரு ஃபில்டர் அழுத்தத்தைத் தின்னும். டேங்க் நிறைய இருக்கும்போது டோசர் ஓடும், பாதிக்குக் கீழே போனதும் சத்தம் நின்றுவிடும், ஆனால் தண்ணீர் கசிந்து கசிந்து, கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கோழி குடிக்கிறது, மருந்து போகவில்லை, யாருக்கும் தெரியாது. டேங்க் அடிமட்டம் டோசரிலிருந்து 15 அடியாவது மேலே இருந்தால் நிம்மதி. முடியாவிட்டால் சின்னதாக ஒரு பிரஷர் பம்பு. நிப்பிள் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்கு முன்னால்தான் டோசர் வர வேண்டும், பின்னால் மாட்டினால் அங்கே மிச்சமிருக்கும் அழுத்தத்தில் பிஸ்டன் அசையவே அசையாது.

டோசருக்கு முன்னால் 60 மைக்ரான் ஃபில்டர் கட்டாயம். மணல் ஒரு துகள் போதும், சீலைக் கீறிவிடும். பக்கத்தில், டோசரைத் தொடாமல் தண்ணீர் போக பைபாஸ் வைத்து மூன்று வால்வு போட்டால் மருந்து இல்லாத நாளில் மெஷினுக்கு ஓய்வு. மருந்து டிரம் எப்போதும் டோசரை விடக் கீழே இருக்க வேண்டும். சௌகரியமாக இருக்கிறதென்று மேலே ஒரு பலகை போட்டு டிரம்மை வைத்தால், ஓட்டம் நின்ற நேரத்திலும் சைபன் மாதிரி ஸ்டாக் தானாக லைனுக்குள் இறங்கும், காலையில் முதலில் குடிக்கும் கோழிக்கு மொத்த டோஸும் போய்ச் சேரும். உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் வலை, டிரம் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே தொங்க வேண்டும். அடியில் படிந்த வண்டலை இழுத்தால் அடைப்பு. அந்த 10 செ.மீ.க்குக் கீழே நிற்கும் கரைசல் உள்ளே போகாது என்பதையும் கணக்கில் வையுங்கள். 20, 22 செ.மீ. அகல டிரம்மில்கூட அதுவே 3, 4 லிட்டர் இருக்கும், நாள் டோஸில் மூன்றில் ஒரு பங்கு. ஒல்லியான, உயரமான கேன் நல்லது.

இனி முதல் வார விஷயம். 5,000 குஞ்சு 7வது நாளில் 325 லிட்டர் குடிக்கிறது என்றோம். 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 13.5 லிட்டர். இது சராசரி. லைட் போட்டதும், தீவனம் கொட்டியதும் கூடும், இரவில் 10 லிட்டருக்குக் கீழே இறங்கிவிடும். டி25இன் குறைந்தபட்ச ஓட்டமே 10 லிட்டர். 3 நாள் குஞ்சென்றால் சராசரியே அதற்குக் கீழேதான். அதாவது டோசர் தன் எல்லைக்கு வெளியே நின்று வேலை பார்க்கிறது. தண்ணீர் பிஸ்டனைத் தள்ளாமல் ஓரமாக நழுவிப் போகும்.

இது போதாதென்று லைனுக்குள் நிற்கும் பழைய தண்ணீர். 22 மி.மீ. நிப்பிள் பைப்பில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் நிற்கும். 75 மீட்டர் ஷெட்டில் ஒரு லைனுக்கு 22 லிட்டர், மூன்று லைனுக்கு 67 லிட்டர். 21 நாள் கோழி மணிக்கு 42 லிட்டர் குடிக்கும், ஒன்றரை மணி நேரத்தில் மருந்து கடைசி நிப்பிளை எட்டும். 7 நாள் குஞ்சுக்கு 5 மணி நேரம். காலை 6 மணிக்கு டோசரைத் திறந்தால் ஷெட்டின் கடைக்கோடியில் இருக்கும் குஞ்சு 11 மணி வரை வெறும் தண்ணீர்தான் குடிக்கும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தடுப்பூசிக்குப் போடும் நீல டை கொஞ்சம் ஸ்டாக்கில் கலந்து டோசரைத் திறந்து, கடைசி நிப்பிளுக்குக் கீழே வெள்ளைக் கப் வைத்துத் தட்டிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் நீலம் வருகிறதோ அதுதான் உங்கள் ஷெட்டின் தாமதம். மருந்து தொடங்கும் நாளில் லைன் கடைசி வால்வைத் திறந்து நீலம் வரும் வரை தண்ணீரை வெளியே விட்டு மூடிவிட்டால் ஷெட் முழுக்க ஒரே நேரத்தில் மருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு லைனிலும் இதைச் செய்ய வேண்டும். வெளியே போகும் அந்த 67 லிட்டர் பழைய தண்ணீர்தான், மருந்து வீணாகாது. மீட்டர் ரீடிங்கில் மட்டும் அந்த 67ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுக்கு என்ன செய்வது? பழைய முறைதான் சரி. 100 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க்கில் நேராகக் கலந்து லைனுக்கு விடுவது, அல்லது கையால் வைக்கும் சிக் டிரிங்கரில் ஊற்றுவது.

அடுத்தது டிரம்முக்குள் நடப்பது. டோசர் பற்றிய புகாரில் பாதி உண்மையில் கரைசல் பற்றிய புகார். 1%ல் வைத்தால் டிரம்மில் இருக்கும் மருந்து கோழி குடிப்பதைப் போல 100 மடங்கு கெட்டி. கோழி குடிக்கும் அளவில் நன்றாகக் கரையும் மருந்து, 100 மடங்கில் கரையாமல் போகலாம்.

என்ரோஃப்ளாக்சசின் திரவத்தைக் காரம் போட்டுத்தான் கரைத்து வைத்திருப்பார்கள், அதன் பி.எச் நன்றாக மேலே நிற்கும். பி.எச் 7ஐ நோக்கி இறங்க இறங்க மருந்து வெள்ளையாகத் திரிந்து வெளியே வரும். நம் பக்கத்துப் போர்வெல் உப்புத் தண்ணீரில் 10 லிட்டருக்கு 475 மி.லி. ஊற்றினால் சில இடங்களில் அரை மணியில் பால் மாதிரி கலங்குவதைப் பார்க்கலாம். கலங்கியது அடியில் படிந்தால் வலையில் மாட்டும், வலையைத் தாண்டினால் நிப்பிளில் மாட்டும், கோழிக்குப் போகாது. டிரம்மில் கலக்கும் முன் ஒரு கண்ணாடி ஜாடியில் 1 லிட்டர் அளவுக்கு, 47.5 மி.லி. மருந்து விட்டுத் தயாரித்து, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. கலங்கினால் ஸ்டாக்கை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கலாம், 10 லிட்டர்தானே, கேன் தண்ணீர் போதும். அல்லது டோசரை 2%க்கு மாற்றி அதே 475 மி.லி.யை 20 லிட்டரில் கரைத்தால் கெட்டி பாதியாகும். இந்த மருந்தோடு, தண்ணீரை அமிலமாக்கும் ஆசிடிஃபையரைக் கலப்பது நேராகப் பணத்தைக் கரைப்பது, மருந்து அந்த இடத்திலேயே திரிந்துவிடும்.

டாக்சிசைக்ளின் இதற்கு நேர்மாறு. அமிலத்தில்தான் நிலையாக இருக்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம், இரும்பு மூன்றும் இதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட மருந்து குடலில் உறிஞ்சப்படாது. கடினத்தன்மை அதிகமான தண்ணீரென்றால் சிட்ரிக் ஆசிட் சேர்த்து பி.எச்சை இறக்குவது இதற்குப் பலன் தரும். சேர்த்த பிறகு பி.எச் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஜி.ஐ. டேங்க், தகர டிரம் இந்த மருந்துக்கு ஆகாது. இரண்டு மருந்துக்கும் வெயில் ஆகாது, டிரம்முக்கு மூடியும் நிழலும் வேண்டும், ஸ்டாக் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

இங்கே டோசர் வாங்குபவர்கள் கவனிக்காத ஒரு நுணுக்கம். உள்ளே இருக்கும் சீல் இரண்டு வகையில் வரும். வி.எஃப். என்று முடியும் மாடல் அமிலக் கரைசலுக்கு, ஏ.எஃப். என்று முடிவது காரக் கரைசலுக்கு. அதே மெஷினில் ஒரு வாரம் ஆசிடிஃபையரும் அடுத்த வாரம் என்ரோஃப்ளாக்சசினும் ஓட்டினால் ஏதோ ஒன்று சீலைத் தின்னும். எது அதிகம் ஓட்டுவீர்கள் என்று முடிவு செய்து மாடலைக் கேட்டு வாங்குங்கள். எதை ஓட்டினாலும் முடிந்ததும் உறிஞ்சு குழாயைச் சுத்தத் தண்ணீரில் போட்டு கால் லிட்டராவது இழுக்க விடுங்கள். உள்ளே காய்ந்த மருந்துதான் அடுத்த முறை சீலைக் கிழிக்கும்.

அமாக்ஸிசிலின் ஏன் வேண்டாம் என்றால், அது தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 4 கிராமுக்கு மேல் கரையாது. 4,750 கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 95 கிராம். 10 லிட்டர் ஸ்டாக்கில் லிட்டருக்கு 9.5 கிராம், 2%ல் வைத்து 20 லிட்டர் ஆக்கினாலும் 4.75 கிராம். எப்படிப் பார்த்தாலும் மிச்சம் அடியில் மணலாக நிற்கும். அடிக்கடி கலக்கிவிட்டால் போதும் என்பார்கள், போதாது. அதோடு கரைத்த 12 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டிய மருந்து. 1,000 லிட்டர் டேங்க்கில் நேராகக் கலந்தால் லிட்டருக்கு 0.095 கிராம்தான், சிரமமில்லாமல் கரையும். பாதியைக் காலையிலும் பாதியை மாலையிலும் 500 லிட்டர் வீதம் கலந்து கொடுங்கள். டோசரை பைபாஸில் போட்டுவிடலாம்.

நாள் முழுக்கக் கொடுப்பதா, சில மணி நேரத்தில் கொடுப்பதா என்பதும் மருந்தைப் பொறுத்தது. அமாக்ஸிசிலின் வகை, ரத்தத்தில் எவ்வளவு நேரம் போதிய அளவில் நிற்கிறது என்பதை வைத்து வேலை செய்யும், ஆகவே நாள் முழுக்கத் தொடர்ந்து. என்ரோஃப்ளாக்சசினுக்கு உச்ச அளவு முக்கியம், நாள் டோஸை 6 மணி நேரத்தில் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பதானால் அந்த 6 மணி நேரத்தில் எவ்வளவு குடிக்கும் என்பதை முந்தின நாளே மீட்டரில் பார்த்து வைக்க வேண்டும். 350 லிட்டர் என்றால் 2%ல் 7 லிட்டர் ஸ்டாக், அதில் 475 மி.லி. கெட்டி கூடுகிறது, ஆகவே ஜாடிச் சோதனையை இந்த அளவுக்கு மறுபடி செய்ய வேண்டும். கலங்கினால் 350 லிட்டரை டேங்க்கில் கலப்பதுதான் வழி.

குளோரின் வேறு டோசரில் ஓடிக்கொண்டிருந்தால் மருந்து நாட்களில் அதை நிறுத்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே. நிறுத்தினால் போதாது, கடைசி நிப்பிளில் ஸ்ட்ரிப் வைத்துக் குளோரின் இல்லை என்று பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும்.

டோசர் சொன்ன சதவீதம் உண்மையா என்று பார்க்க ஒரு அளவு ஜாடியும் மீட்டரும் போதும். 1 லிட்டர் அளவு ஜாடியில் சுத்தத் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சு குழாயை அதில் விட்டு, முதலில் காற்றை வெளியேற்றி, குழாய் முழுக்கத் தண்ணீர் நின்ற பிறகு ஜாடியில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் 50 லிட்டர் ஓட விடுங்கள். 1%ல் 500 மி.லி. குறைந்திருக்க வேண்டும். 450 முதல் 550 வரை இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். எல்லோரும் லைன் கடைசி வால்வைத் திறந்துவிட்டு வேகமான ஓட்டத்தில் இதைச் செய்வார்கள், கச்சிதமாக வரும், திருப்தியாகப் போய்விடுவார்கள். அதோடு நிறுத்தாமல் வால்வை மூடிவிட்டு, கோழி குடிக்கும் வேகத்திலேயே இன்னொரு 50 லிட்டர் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காத்திருங்கள். வேகத்தில் 500, மெதுவில் 380 என்று வந்தால் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்கேல் கைப்பிடியை 1.3%க்குத் திருகி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், மதியம் கோழி வேகமாகக் குடிக்கும்போது டோஸ் எகிறும்.

'டிக், டிக்' சத்தம் கேட்கிறது, ஆனால் டிரம் குறையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. உறிஞ்சு குழாய் மாட்டும் நட்டில் காற்று இழுக்கிறதா, வலை அடைத்திருக்கிறதா, உறிஞ்சு வால்வின் சீல் கிழிந்திருக்கிறதா. குழாயில் குமிழி ஏறுவது தெரிந்தால் முதலாவது. மெஷின் நின்ற பிறகு குழாயில் ஏறிய கரைசல் திரும்பக் கீழே இறங்கினால் மூன்றாவது.

மருந்து ஓடும் நாட்களில் மாலை 6 மணிக்கு டிரம்மைப் பார்ப்பது சூப்பர்வைசர் வேலையில் சேர வேண்டும். 24 மணி நேரத்துக்குப் போட்ட 10 லிட்டரில் 12 மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது, மீட்டரில் எவ்வளவு ஓடியது, இரண்டும் 1% கணக்கில் ஒத்துப்போகிறதா? ஒத்துப்போய், ஆனால் தண்ணீரே கால் பங்கு குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்றால் கோழி குடிக்கவில்லை. நாளை 7.5 லிட்டர் ஸ்டாக்கிலேயே முழு நாள் மருந்தையும் போட வேண்டும் என்று அர்த்தம், தண்ணீர் குறைந்தாலும் கிலோ குறையவில்லையே. மிச்சத்தை முடித்துவிடலாம் என்று இரவில் 2%க்குத் திருகுவது பண்ணைகளில் சாதாரணமாக நடக்கிறது, அது ஒரு சில கோழிக்கு இரட்டை டோஸாகத்தான் முடியும்.

டோசர் எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் தவறான மருந்தைச் சரியான அளவில் கொடுத்துப் பயனில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி ஒரு ஆய்வகத்தில், மருந்து தொடங்கும் முன் செத்த கோழியைக் கொடுத்து கிருமி வளர்ப்பும், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியும் என்ற சென்சிட்டிவிட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாளாவது ஆகும். ரெசிஸ்டன்ட் என்று வந்த மருந்தை டோஸ் ஏற்றிக் கொடுத்து மீட்கப் பார்ப்பது பயனற்ற வேலை. தீவனத்தில் ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் சாலினோமைசின், மோனென்சின் ஓடும்போது டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் கோழி கால் இழுத்து விழும், தீவனச் சீட்டைப் பார்க்காமல் இந்த மருந்தைத் தொடவே கூடாது. கோலிஸ்டின் 2019 ஜூலையிலிருந்து உணவுக்கான விலங்குகளுக்கு இந்தியாவில் தடை. பழைய ஸ்டாக் இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

மேலே 35 நாள் கணக்கைப் போட்டோமே, அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 35ல் தொடங்கி 5 நாள் கொடுத்தால் 39 ஆகிவிடும், லாரி வரும் நேரம். மருந்தை நிறுத்திய பிறகு கறிக்கு அனுப்பாமல் காத்திருக்க வேண்டிய, டப்பாவில் போட்டிருக்கும் விலக்கு நாட்களைக் கழிக்காமல் பிடிக்கக்கூடாது. கறிக்கோழிக்கு ஆய்வு செய்து குறிப்பிட்ட விலக்குக் காலம் இல்லாத மருந்துக்கு நம் சட்டப்படி இறைச்சிக்கு 28 நாள், முட்டைக்கு 7 நாள். என்ரோஃப்ளாக்சசினை அமெரிக்கா 2005லேயே கோழிக்கு நிறுத்திவிட்டது, மனிதருக்கு வரும் கேம்பைலோபாக்டர் கிருமி அந்த வகை மருந்துக்கு மசியாமல் போனதுதான் காரணம். முட்டையிடும் கோழிக்கு அதை ஓட்ட டோசர் வாங்குகிறோம் என்பவர்கள் டோசர் வாங்காமல் இருப்பதே நல்லது.

வேறு என்ன வாங்கலாம்? வாட்டர் மீட்டர் அனுப்பும் சிக்னலை வாங்கி இயங்கும் எலக்ட்ரானிக் டோசிங் பம்பு குறைந்த ஓட்டத்தில் இதைவிடத் துல்லியம், ஆனால் கரண்ட்டும் சர்வீஸ் ஆளும் வேண்டும். 20,000, 30,000 கோழி நிற்கும், காற்றும் வெப்பமும் கட்டுப்படுத்திய இ.சி. ஷெட்டுக்கு டி25 கச்சிதம், முதல் வாரக் கடைசியிலேயே மணிக்கு 50 லிட்டருக்கு மேல் ஓடும். 2,000 கோழிக்குக் கீழே என்றால் ஒரு டேங்க், ஒரு கலக்குக் கட்டை, ஒரு நல்ல தராசு போதும், மிச்சக் காசில் மீட்டர் வாங்குங்கள். கான்ட்ராக்ட் பண்ணையில் மருந்து கம்பெனியுடையது, ஷெட்டும் டோசரும் உங்களுடையது. மருந்து வேலை செய்யவில்லை என்ற பேச்சு வரும்போது கையில் மீட்டர் ரீடிங், எடைச் சீட்டு, டிரம் அளவு மூன்றும் எழுதி வைத்திருப்பவர் பேச்சு எடுபடும்.

பேட்ச் முடிந்து ஷெட் காலியாக இருக்கும் நாட்களில் லைனை ஸ்டெபிலைஸ்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கழுவுவீர்கள் அல்லவா, அப்போது டோசரை பைபாஸ் போட்டுக் கழட்டிவிடுங்கள். மருந்துப் பவுடரில் இருக்கும் சர்க்கரைதான் லைனுக்குள் வழவழப்பாகப் படியும் கிருமிப் படலத்துக்குத் தீனி. டோசரின் உள்ளேயும் அதே வழவழப்பு இருக்கும், மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். சீல் செட் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றிய தேதியை மேல் மூடியில் மார்க்கரால் எழுதுங்கள். திரும்ப மாட்டும்போது கையால் மட்டும் இறுக்குங்கள். பைப் ரிஞ்ச் போட்டு ஒரு சுற்று கூடத் திருகினால் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும், அந்த விரிசல் வழியாகத்தான் காற்று இழுக்கும்.